போர்சலினோ பிறந்த கதையும் பிறந்த ஆண்டும்

பழைய இத்தாலியத் தொப்பி விற்பவர்களில் சிலருக்கு ஒரு வழக்கம் உண்டு. போர்சலினோ தொப்பி ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே நெற்றியைத் தொடும் தோல் பட்டையில் தங்க எழுத்தில் பொறித்திருக்கும் 1857 என்ற எண்ணைக் காட்டி, "நூற்று அறுபது வருஷத்துச் சாமான்" என்று சொல்லிவிடுவார்கள். விலையும் அதற்கேற்ப ஏறிவிடும். ஆனால் அந்த எண் தொப்பியின் வயதைச் சொல்லவில்லை. கடை தொடங்கிய ஆண்டைச் சொல்கிறது. நம் ஊர் இனிப்புக் கடைகள்கூடப் பெட்டியின் மேல் கடை தொடங்கிய வருஷத்தை அச்சடிக்கின்றன. அதற்காக உள்ளே இருக்கும் அல்வாவை அந்த வருஷத்தில் கிண்டியது என்று யாரும் நினைப்பதில்லை.

செய்த ஆண்டைத் தொப்பியில் எழுதிவைக்கும் பழக்கம் இத்தாலிய முதலாளிகளுக்கு இருந்ததில்லை. அமெரிக்கத் தொப்பி என்றால் பட்டைக்குப் பின்னால் தொழிற்சங்கத்தின் சீட்டு ஒட்டியிருக்கும். அங்கே தொப்பித் தொழிலாளர் சங்கங்கள் 1934ல் ஒன்றாக இணைந்தன. சீட்டில் இருக்கும் சங்கத்தின் பெயரை வைத்தே தொப்பி அதற்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம். இத்தாலியில் அந்த வசதி இல்லை. தொப்பியின் வயது தெரிய வேண்டுமென்றால் அதைச் செய்த குடும்பத்தின் கதை, அந்த நாட்டின் கதை இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜுஸெப்பே போர்சலினோ 1834ல் வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், பெச்செத்தோ தி வலென்ஸா என்ற சிற்றூரில் பிறந்தவர். சின்னப் பையனாக இருக்கும்போதே பக்கத்து நகரமான அலெஸ்ஸாந்திரியாவில் ஒரு தொப்பிப் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே கற்றது போதாது என்று பாரிஸுக்குக் கிளம்பினார். தொப்பிக்கு அன்று பாரிஸ்தான் தலைநகரம். தாம்பிள் தெருவிலிருந்த பெர்தெய் என்ற நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார். தேர்ந்த தொப்பிக்காரர் என்ற சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். 1857 ஏப்ரல் 4ஆம் தேதி, சகோதரர் லாஸாரோவோடு சேர்ந்து அலெஸ்ஸாந்திரியாவின் ஸ்கியாவீனா தெருவில் சிறிய பட்டறை ஒன்றைத் தொடங்கினார். பெயர்ப்பலகையில் இருந்தது 'போர்சலினோ ஜுஸெப்பே எ ஃப்ரதெல்லோ', அதாவது ஜுஸெப்பே போர்சலினோவும் சகோதரரும்.

அந்தத் தேதியில் இத்தாலி என்றொரு நாடே இல்லை. அலெஸ்ஸாந்திரியா சார்டினிய ராஜ்யத்தைச் சேர்ந்த ஊர். நாடு ஒன்றானது 1861ல்தான். 'இத்தாலியத் தொப்பி' என்று உலகமே சொல்லும் பொருளை, அது பிறந்தபோது அப்படிக் கூப்பிட்டிருக்க முடியாது.

சரி, பட்டறையில் அவர்கள் செய்தது என்ன? ஃபெல்ட் தொப்பி. ஃபெல்ட் துணியா என்றால், தறியும் இல்லை, நூலும் இல்லை, பசையும் இல்லை. முயல், காட்டு முயல், பீவர் ஆகியவற்றின் அடிரோமத்தைச் சூடு, ஈரம், அழுத்தம் மூன்றும் கொடுத்துப் பிசைந்து பிசைந்து ஒன்றோடொன்று சிக்கவைப்பதுதான் ஃபெல்ட். ஒவ்வொரு ரோமத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரில் அவை விரியும். அசைத்தால் பக்கத்து ரோமத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வியது திரும்ப விடாது. பீவர் ரோமம் இந்த வேலைக்குத் தானாகவே வளைந்து கொடுக்கும். முயல் ரோமம் கொடுக்காது. அது வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவும்.

அதற்காகத் தொப்பிக்காரர்கள் கண்டுபிடித்த வழி பாதரசம். முயல் தோலின் மேல் பாதரச நைட்ரேட் கரைசலைத் தூரிகையால் பூசி உலர்த்துவார்கள். ரோமத்தின் நுனி சொரசொரப்பாகி, கேரட் நிறத்துக்கு மாறும். அதன் பிறகுதான் ரோமத்தைச் சிரைத்து எடுப்பார்கள். உலர்த்தும்போதும், வெந்நீரில் பிசையும்போதும் எழும் ஆவியைத் தொழிலாளர்கள் நாள் முழுக்கச் சுவாசித்தார்கள். கை நடுங்கும், பேச்சு தடுமாறும், எரிச்சல் வரும், நாலு பேர் முகத்தைப் பார்க்கவே கூசும் சுபாவம் வந்துவிடும். தொப்பிக்காரர் என்றால் பித்துப் பிடித்தவர் என்று ஐரோப்பாவில் பேச்சு எழுந்தது இதனால்தான். அமெரிக்காவில் பாதரசம் பூசும் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி விழுந்தது 1941ல். சேகரிப்பாளர்கள் பழைய ஃபெல்ட்டைத் தடவி, "இந்த மிருதுவும் கெட்டியும் இப்போது வருவதில்லை" என்று ஏங்குவார்கள். உண்மைதான். ஆனால் அந்த மிருதுவுக்கு விலை கொடுத்தது தொப்பி வாங்கியவர் மட்டும் இல்லை.

சிரைத்த ரோமத்தைக் காற்றில் ஊதுவார்கள். நல்ல அடிரோமம் பறந்து போகும், முரட்டு முடியும் தூசியும் கீழே தங்கும். பிறகு ஒரு தொப்பிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ரோமத்தை நிறுத்து, மூடிய அறைக்குள் பறக்கவிடுவார்கள். அறை நடுவே துளைகள் கொண்ட பெரிய உலோகக் கூம்பு சுழன்றுகொண்டிருக்கும். உள்ளிருந்து விசிறி காற்றை இழுக்க, ரோமம் பனிப்படலம்போலக் கூம்பின் மேல் படியும். ஈரத்துணி சுற்றி வெந்நீர் தெளித்துக் கழற்றினால், கையில் வருவது ஒரு மனிதனின் இடுப்பளவுக்குப் பெரிய, தொட்டால் கிழியும் கூம்பு. அதைச் சுருட்டி, உருட்டி, வெந்நீர் விட்டு, மறுபடி சுருட்டி, பல தடவை பிசைய வேண்டும். கூம்பு சுருங்கச் சுருங்க ஃபெல்ட் இறுகும். தலையளவுக்கு வந்து சேரும்போது அதைக் கிழிக்க இரண்டு கை பலம் போதாது.

அதன்பின் சாயம். பிறகு விறைப்பு. விறைப்புக்கு அரக்கைக் கரைத்து ஊட்டுவார்கள். அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும் பகுதி இந்தியாவிலிருந்து போனது. எனவே அலெஸ்ஸாந்திரியாவின் தொப்பிகளில் நம் காட்டு மரங்களின் பூச்சி சுரந்த பிசினும் கலந்திருக்கிறது என்று சொன்னால் தவறில்லை. மர அச்சில் மாட்டி வடிவம் கொடுத்தல், உப்புத்தாள் கொண்டு மேல்பரப்பைத் தேய்த்தல், விளிம்பு வெட்டுதல், ரிப்பன், லைனிங், தோல் பட்டை என்று வேலை நீளும். முழுத் தொப்பி ஒன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கைமாற்றங்களைத் தாண்டி வெளியே வர சுமார் ஏழு வாரம் ஆகும் என்பது நிறுவனமே சொல்லும் கணக்கு. தையல், ரிப்பன் வேலையெல்லாம் பெண்கள் கையில் இருந்தது. ஊரில் அவர்களை 'போர்சலீனெ' என்றே கூப்பிட்டார்கள்.

ஜுஸெப்பே பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஆங்கிலேயரின் உருண்டைத் தொப்பியான பவுலரை அவ்வளவு விறைப்பாக எப்படிச் செய்கிறார்கள் என்ற ரகசியத்தை அறிய இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போனாராம். யாரும் பார்க்காத நேரத்தில் கைக்குட்டையைத் தொட்டிக்குள் நனைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். கதை எவ்வளவு நிஜமோ! ஆனால் கைக்குட்டைக் கதை இல்லாத முதலாளி எந்த ஊரிலும் பெரிய ஆளாக மதிக்கப்பட்டதில்லை. ஆங்கில இயந்திரங்களை அவர் வாங்கிப் போட்டார் என்பதும், 1888ல் சென்டோ கன்னோனி சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது என்பதும் கதை இல்லை, வரலாறு.

1900 ஏப்ரலில் ஜுஸெப்பே காலமானார். அதே ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் போர்சலினோவுக்கு கிராண்ட் ப்ரீ விருது. இந்த விருதையும் பட்டையில் பொறித்துக்கொண்டார்கள். எனவே '1900' என்று கண்டால் தொப்பி 1900க்கு முன்னால் செய்தது இல்லை என்று மட்டும் கொள்ளலாம். 1900ல் செய்தது என்று கொள்ளக் கூடாது.

மகன் தெரேஸியோ பொறுப்பேற்றார். முதல் உலகப் போருக்கு முந்தைய நாட்களில் தொழிற்சாலையில் சுமார் 2,500 பேர். ஆண்டுக்கு 20 லட்சம் தொப்பிகள். ஊருக்குக் குடிநீர்க் குழாய், காசநோய் மருத்துவமனை எல்லாம் தொப்பிப் பணத்தில் வந்தன. 1911ல் மார்செல்லோ துதோவிச் வரைந்த 'ஸெனித்' விளம்பரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சள் பின்னணி. ஒரு சாய்வு நாற்காலி. அதில் ஒரு தொப்பி, கையுறை, கைத்தடி. ஆள் இல்லை. இன்றைக்கும் அதைவிடச் சிக்கனமான விளம்பரம் எத்தனை தேறும் என்று தெரியவில்லை.

இனிதான் பங்காளிச் சண்டை. சேகரிப்பாளருக்கு இதுபோல உதவிய குடும்பத் தகராறு வேறு இல்லை.

லாஸாரோவின் மகன் ஜொவான்னி பத்திஸ்தா, 1906ல் அதே ஊரில் தனிக்கடை போட்டார். பெயர்: 'போர்சலினோ ஜி.பி. ஃபூ லாஸாரோ'. 'ஃபூ லாஸாரோ' என்றால் காலஞ்சென்ற லாஸாரோவின் மகன் என்று பொருள். அவருக்குப் பிறப்பிலேயே வந்த பெயரும் போர்சலினோதான். அதை வைக்காதே என்று எந்தச் சட்டம் சொல்லும்? வழக்கு நடந்தது. தாய் நிறுவனம், 'நாங்கள்தான் பழைய வீடு' என்று ஊருக்குத் தெரியும்படி 'ஆன்டிகா காஸா' என்பதைத் தன் பெயரோடு சேர்த்து விளம்பரம் செய்தது. 1930களில் புதுக்கடையைத் தாய் நிறுவனமே விழுங்கிக்கொண்டது.

விளைவு என்ன? பட்டையில் 'ஃபூ லாஸாரோ' இருந்தால் அந்தத் தொப்பி 1906க்கு முன்னால் பிறந்திருக்க வாய்ப்பே இல்லை. 'ஆன்டிகா காஸா' என்று இருந்தால், பங்காளி கிளம்பிய பிறகு வந்தது என்று எண்ண நியாயம் உண்டு. 'ஃபூ லாஸாரோ' என்றால் போலி என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. அதுவும் அலெஸ்ஸாந்திரியாதான், அதுவும் போர்சலினோ குடும்பம்தான். பல சமயம் விலையும் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும்.

ஒரு தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்போமா? சாம்பல் நிறம், அகன்ற விளிம்பு, அகன்ற ரிப்பன். முதலில் கவிழ்க்க வேண்டும். தோல் பட்டையில் நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.ஏ.' என்று இருக்கிறதா, 'எஸ்.பி.ஏ.' என்று இருக்கிறதா? இந்த ஓர் எழுத்தில் பெரிய விஷயம் இருக்கிறது. பங்கு நிறுவனங்களை இத்தாலியில் 'சொசியெத்தா அனோனிமா' என்று சொல்லிவந்தார்கள், சுருக்கமாக எஸ்.ஏ. 1942ல் வந்த புதிய சிவில் சட்டம் அதை 'சொசியெத்தா பெர் அட்சியோனி' என்று மாற்றியது, சுருக்கமாக எஸ்.பி.ஏ. ஆகவே எஸ்.பி.ஏ. என்று இருந்தால் 1942க்குப் பிந்தையது. எஸ்.ஏ. என்று இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்கவே அதிக வாய்ப்பு. அச்சடித்து வைத்த பட்டைகள் தீரும்வரை பயன்படுத்தியிருப்பார்கள், எனவே ஓரிரு ஆண்டு இழுத்துக்கொள்ள இடம் கொடுக்க வேண்டும்.

அடுத்து, அரச சின்னம். சில இத்தாலியத் தொப்பிகளில் சவாய் அரச வம்சத்தின் சிலுவையும் மகுடமும் பொறித்திருக்கும். 1946 ஜூன் 2 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் இத்தாலியர்கள் மன்னராட்சியை வழியனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தச் சின்னத்தைப் புதிதாகப் பொறிக்கக் காரணம் இல்லை.

பட்டையின் மறுபக்கத்தில் பெரும்பாலும் விற்ற கடையின் பெயரும் முகவரியும் இருக்கும். அதையும் விடக் கூடாது. தெருப் பெயரில் 'லித்தோரியோ' போன்ற பாசிசச் சொல் வந்தால் முசோலினி காலம். 1943-45ல் அந்தப் பெயர்களை ஊர் ஊராக அழித்துவிட்டார்கள். முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1967க்குப் பிந்தையது. அந்த ஆண்டில்தான் இத்தாலியில் அந்த முறை வந்தது. ஆனால் 'ரோமா தெரு' என்று பார்த்ததும் முசோலினி என்று தாவக் கூடாது. ஊர்தோறும் முக்கியத் தெரு ஒன்றுக்கு அந்தப் பெயர் வைக்கச் சொல்லி 1931ல் அவர் உத்தரவிட்டது நிஜம். அதே சமயம் நேப்பிள்ஸின் பெரிய தெரு 1870 முதல் 1980 வரை ரோமா தெருவாகத்தான் இருந்தது. இதில் தடுக்கி விழுபவர்கள் அதிகம்.

பிறகு பட்டையை மெல்லத் தூக்கி, ஃபெல்ட்டுக்கும் தோலுக்கும் நடுவே செருகியிருக்கும் சிறு காகிதச் சீட்டைப் பார்க்க வேண்டும். அளவு, நிறம், ரகம் ஆகியவற்றுக்கான எண்கள் அதில் இருக்கும். ஆண்டு இருக்காது. இருந்தாலும் சீட்டு இருக்கிறது என்றாலே பட்டையை யாரும் மாற்றவில்லை என்று தெரியும், அதுவே பெரிய விஷயம். பட்டை மாற்றிய தொப்பிக்கு நாம் இதுவரை பார்த்த எந்தக் கணக்கும் செல்லாது.

லைனிங் உச்சியில் கண்ணாடிபோலப் பிளாஸ்டிக் மூடி இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. நூலின் மேல் புற ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது வெண்மை கூட்டும் ரசாயனம் போட்ட நூல், 1950களுக்கு முந்தையது என்று சொல்ல முடியாது. வெளியே தொங்கும் மெல்லிய கயிறும் பொத்தானும், காற்றில் தொப்பி பறக்காமல் கோட்டில் மாட்டிக்கொள்ள வைத்தவை, அந்தப் போருக்கு முந்தைய தொப்பிகளில் சாதாரணம். விளிம்பின் அகலத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். 1930, 40களில் அகலம், 1960களில் குறுகல் என்பது பொதுப் போக்கு. ஆனால் அகல விளிம்பைக் கத்தரித்துப் புது மோஸ்தருக்கு மாற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள், பிற்காலத்தில் பழைய மோஸ்தரை மறுபடி செய்தவர்களும் இருந்தார்கள். விளிம்பை மட்டும் நம்பி 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு' என்று அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நிற்கலாம்.

நம் சாம்பல் தொப்பியில் எஸ்.ஏ. இருக்கிறது, லித்தோரியோ தெருவின் கடைப்பெயர் இருக்கிறது, பட்டைக்குப் பின்னால் சீட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1920களின் பின்பாதியிலிருந்து 1943 வரை என்று சொல்லலாம். அதற்குமேல் துல்லியம் கேட்டால் அது ஆசை.

போர்சலினோ புகழ் மற்றவர்களை மறைத்துவிட்டது. பியெல்லா மலைப் பக்கம் சல்யானோ மிக்காவில் 1862 முதல் பார்பீஸியோ; சேர்வோ ஓடையின் மென்மையான தண்ணீர் ஃபெல்ட் பிசைய ஏற்றது. அதே ஊர்ப் பக்கம் 1897ல் தொழிலாளர்களே சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுத் தொழிற்சாலை சேர்வோ. மஜ்ஜோரே ஏரிக்கரையில் கிஃபாவில் 1881 முதல் பனித்ஸா. அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று தொப்பி அருங்காட்சியகம் இருக்கிறது. மோன்ஸா நகரம் கம்பளி ஃபெல்ட்டுக்குப் பேர்போனது. என்னைக் கேட்டால், புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் பார்பீஸியோ, பனித்ஸாவில் தொடங்குவது நல்லது. ஃபெல்ட் தரத்தில் பெரிய குறையில்லை, பெயருக்காகக் கொட்டும் பணம் மிச்சம்.

இரண்டாம் போருக்குப் பிறகு ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். 1970ல் அலேன் தெலோனும் ழான் பால் பெல்மொந்தோவும் நடித்த பிரெஞ்சுப் படத்துக்கு 'போர்சலினோ' என்றே பெயர் வைத்தார்கள். கதை நடப்பது இத்தாலியிலும் இல்லை, மார்செய் ரவுடிகளைப் பற்றியது! பெயருக்கு மவுசு வந்தது, தொழிலுக்குப் பழைய நாள் திரும்பவில்லை. 1980களில் தொழிற்சாலை ஊருக்கு வெளியே, நெப்போலியன் 1800ல் போரிட்ட மரெங்கோ களத்தை ஒட்டிய ஸ்பினெத்தா மரெங்கோவுக்கு நகர்ந்தது. 2017 டிசம்பரில் திவால் அறிவிப்பு, 2018ல் புதிய முதலாளி. இன்றும் தொப்பி வருகிறது. அலெஸ்ஸாந்திரியாவின் அருங்காட்சியகத்தில் பழைய மாதிரிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் நேரம் ஒதுக்கிப் போவது நல்லது.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு சொல். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: தோல் பட்டையின் இரு பக்கப் பொறிப்பு, பட்டையைத் தூக்கினால் தெரியும் சீட்டு, லைனிங்கின் உச்சி. படம் அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள், வேறு தொப்பி வரும். வாங்கிய பிறகு, பழைய ஃபெல்ட்டில் பாதரசம் இன்னும் தங்கியிருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். கையாண்டபின் கை கழுவுங்கள். ஆவி காட்டி வடிவம் திருத்துவதானால் ஜன்னலைத் திறந்துவையுங்கள். குழந்தைகள் தலையில் மாட்டி விளையாட மட்டும் கொடுக்காதீர்கள்.